பிசியோதெரபி சேரப் போகும் தம்பிக்கு டேப்லெட், உடற்கூற்றுச் செயலிச் சந்தா எல்லாம் வாங்கித் தரலாமா? வேலையில் இவை உண்மையில் பயன்படுகின்றனவா?

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. வாங்கலாமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். பயன்படுகிறதா என்பதற்குத்தான் சொல்ல நிறைய உண்டு.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் 13 வருடமாக பிசியோ வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சுற்றியுள்ள தோட்டங்களில் உழைத்தவர்கள். ஒரு பக்கம், ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டி முழங்கால் தேய்ந்த பாட்டிகள். இன்னொரு பக்கம், எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டித் தோள் போன வங்காளதேசத்துப் பையன்கள். பாட்டிகள் என்னை "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை என்று முதல் இரண்டு வருடம் சொல்லிப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். தம்பிக்கு அது உதவும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சிகளைக் கைப்பேசிக்கு அனுப்பும் ஒரு செயலியைக் காசு கட்டி வாங்கினேன். நோயாளிக்கு என்ன பயிற்சி, நாளைக்கு எத்தனை முறை என்று நாம் தட்டிவிட்டால், அவர் கைப்பேசியில் ஒரு பொம்மை மனிதன் அதைச் செய்து காட்டுவான். இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை முடிந்து வந்த ஒரு பாட்டிக்கு அதை அனுப்பினேன். பேத்தி திறந்து காட்டுவாள், பாட்டி செய்வார். இரண்டு வாரம் கழித்து வந்தபோது அந்த முழங்கால் போன முறையைவிடக் குறைவாக மடங்கியது. "செய்யறீங்களா பாட்டி?" என்றேன். "மூணு வேளையும் செய்யறேன் மிஸ்ஸி, ஒரு நாளும் விட்டதில்ல" என்றார். சரி, செய்து காட்டுங்கள் என்றேன். வலது காலை அழகாக மடக்கி நீட்டினார்.

நடந்தது இதுதான். பொம்மை மனிதன் நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அவன் இடது காலை மடக்கினால் அது திரையில் நமக்கு வலது பக்கம் தெரியும். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி பாட்டி வலது காலை மடக்கியிருக்கிறார். இரண்டு வாரம், நல்ல காலுக்கு! "இடது" என்று செயலியில் எழுதியிருந்தது, ஆங்கிலத்தில். பேத்திக்கு அப்போது ஏழு வயது.

அந்தச் செயலியை அடுத்த மாதமே நிறுத்திவிட்டேன். பதிலுக்கு நான் செய்ய ஆரம்பித்ததைத்தான் இன்றும் செய்கிறேன். நோயாளியின் கைப்பேசியையே வாங்கி, அவர் காலையே படம் எடுக்கிறேன். அறுவை செய்த காலின் கணுக்காலில் ஒரு சிவப்புத் துணி. என் குரலில், "பாட்டி, சிவப்பு கட்டின கால். குதிகாலை இழுங்க, இன்னும், இன்னும், அங்கேயே பிடிங்க, அஞ்சு எண்ணுங்க." நாற்பது வினாடிதான். பொம்மையைப் பார்த்துச் செய்கிறபோது குழப்பம் வரும். தன் காலைத் தானே பார்க்கிறபோது வராது. இன்னொரு லாபமும் இருக்கிறது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் படம் புலனத்தில் (வாட்ஸ்அப்) சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போகிறது. அவன் ராத்திரி கூப்பிட்டு "இன்னிக்கு செஞ்சீங்களாம்மா?" என்று கேட்கிறான். எந்தச் செயலியின் மணியோசையும் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகவில்லை, என் அனுபவத்தில்.

வங்காளதேசத்துத் தம்பிகளுக்கும் இதே வழிதான். எனக்கு வங்காளம் தெரியாது, அவர்கள் மலாய் அரைகுறை. கூகுள் மொழிபெயர்ப்பை வைத்து வலி எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் "தோள்பட்டையைப் பின்னால் இறக்கி வைத்துக்கொண்டு கையைத் தூக்கு" என்பதை அது எப்படி மாற்றிச் சொல்கிறதோ, கேட்பவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும் சரியாகப் போகவில்லை என்று. பேச்சில்லாத படம் போதும்.

அளப்பதற்கு வருவோம். மாணவர்கள் இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள்.

மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்க்க கோனியோமீட்டர் என்ற இரண்டு கை அளவுகோல் இருக்கிறது. இப்போது கைப்பேசியாலும் அளக்கலாம். அதற்குள் சாய்வை உணரும் முடுக்கமானி இருப்பதால், தச்சர் மட்டம் பார்ப்பது போல அது கோணம் காட்டும். முழங்காலுக்கு நான் செய்வது இப்படி: நோயாளி மல்லாந்து படுத்து, பாதம் மெத்தையில் உரச, குதிகாலை இழுத்துக் காலை மடக்குகிறார். தொடையின் மேல் கைப்பேசியை வைத்தால் 50 என்று காட்டுகிறது என்று வையுங்கள். முன்னங்கால் எலும்பின் மேல் வைத்தால் 45. இரண்டையும் கூட்டினால் 95. அதுதான் முழங்கால் மடங்கிய அளவு. சுலபம்தான். ஆனால் போன வாரம் தொடை நடுவில் வைத்தவர் இந்த வாரம் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தால் கணக்கு மாறிவிடும், சதை அங்கே வேறு மாதிரிச் சரிகிறது. பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அளக்க வேண்டும். கைப்பேசி உறையின் பின்னால் மோதிரப் பிடி ஒட்டியிருக்கிற பிள்ளைகள் அதைக் கழற்றாமலே அளப்பார்கள், எட்டு டிகிரி கூடுதலாக வரும், "அக்கா, நல்ல முன்னேற்றம்!" என்று சந்தோஷமாக எழுதுவார்கள். எந்தக் கருவியானாலும் 5 டிகிரிக்குள் வரும் மாற்றத்தை முன்னேற்றம் என்று நான் எழுத விடுவதில்லை. அது கை நடுக்கமாகவும் இருக்கலாம்.

அசைவைப் படம் பிடித்து ஆராய கினோவியா என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம், விண்டோஸ் கணினியில் ஓடும். படத்தை மெதுவாக ஓட்டி, அதன் மேலேயே கோடு போட்டுக் கோணம் பார்க்கலாம். குலை வெட்டுகிற ஒரு தம்பிக்கு வலது தோளில் ஓயாத வலி. என் அறையில் எத்தனை சோதனை செய்தாலும் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. கூட வேலை செய்கிறவனை விட்டுத் தோட்டத்தில் அவனைப் படம் எடுத்து வரச் சொன்னேன். உயர்ந்த மரத்துக்கு நீளமான அலுமினியக் கம்பத்தின் நுனியில் அரிவாளை மாட்டி, அண்ணாந்து பார்த்தபடி இழுக்க வேண்டும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால், இழுக்கிற நேரத்தில் கால் அசையவே இல்லை. இடுப்பும் திரும்பவில்லை. கம்பத்தின் பாரம், குலைக் காம்பின் பிடிவாதம் இரண்டையும் ஒரே தோள் தாங்குகிறது. ஒரு காலைப் பின்னால் வைத்து, உடம்பு எடையைச் சாய்த்து இழுக்கப் பழக்கினோம். படம் இல்லாவிட்டால் அவன் தோளுக்கு நான் மாதக்கணக்கில் சூட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஒரு எச்சரிக்கை. கேமரா, அசைவுக்கு நேர் பக்கவாட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் கோணலாக நின்று எடுத்த படத்தில் கோடு போட்டு அளந்தால், கணினி காட்டும் எண் பொய். அந்தத் தம்பியின் நண்பன் மரத்துக்கு மரம் நடந்துகொண்டே எடுத்திருந்தான். அதில் நான் எதையும் அளக்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது எல்லாரையும் போல நானும் காணொளி அழைப்பில் சிகிச்சை செய்யப் பார்த்தேன். இடுப்பு எலும்பு முறிந்து கம்பி வைத்த ஒரு ஐயா. முதல் நாள் இருபது நிமிடம் நான் பார்த்தது அவர் வீட்டுக் கூரை விசிறியை. கைப்பேசியை மேசையில் படுக்க வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த முறை பேரன் அதை மைலோ டின்னில் சாய்த்து வைத்தான், கால் மட்டும் தெரிந்தது. மூன்றாம் முறை பேரனையே கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு தாத்தா பின்னால் நடக்கச் சொன்னேன். அப்போதுதான் வீடு தெரிந்தது. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு சாண் உயரப் படி, பிடிக்க ஒன்றுமில்லை. கழிவறை, குந்தி உட்காருகிற வகை. என் அறையில் ஆறு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எழப் பழக்கியிருந்தேன், ஐயாவும் "எல்லாம் நல்லா போவுது" என்றே சொல்லியிருந்தார். கழிவறைக்கு எப்படிப் போகிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் கூச்சத்தில் சொல்லவில்லை. அன்று மகளிடம் சொல்லி, நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை மேலே வைக்க ஏற்பாடு செய்தோம், படிக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பியும் அடித்தார்கள்.

இப்போதும் புதிதாக வருகிறவர்களிடம் வீட்டை ஒரு சுற்று படம் எடுத்து வரச் சொல்கிறேன். காணொளி அழைப்பில் சிகிச்சை பெரிதாக நடந்துவிடாது, அதுவும் தோட்டத்துக்குள் இணையம் வருவதும் போவதுமாக இருக்கும்போது. வீட்டைப் பார்க்கத்தான் அது கண் கொடுக்கிறது.

ரோபோ எல்லாம் வந்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். வந்துவிட்டதுதான். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ மலாக்காவில் நடத்தும் மறுவாழ்வு மையம் போதாதென்று, 2024-இல் எங்களுக்குப் பக்கத்திலேயே, ஈப்போ மேரு ராயாவில், இன்னொன்று திறந்தது. ஹால் என்ற ஜப்பானியக் கருவியைப் பற்றித் தம்பி படிக்கட்டும். காலை அசைக்க மூளை அனுப்பும் மெல்லிய மின்குறியைத் தோலின் மேலிருந்தே உணர்ந்து, அதற்கேற்ப மோட்டார் காலைத் தூக்கிவிடும். ஸ்ட்ரோக் வந்த, தண்டுவடம் அடிபட்ட சந்தாதாரர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் சொக்சோவில் பதிவில்லாமல் நாள் கூலிக்குப் போனவருக்கு அந்த வாசல் சுலபத்தில் திறக்காது, அவர் என்னிடம்தான் வருவார்.

படிப்புக்கு வருகிறேன். காசில்லாமல் கிடைப்பதைத் தம்பி முதலில் பழகட்டும். பெட்ரோ என்ற தரவுத்தளம் 1999 முதல் சிட்னியிலிருந்து நடக்கிறது, பிசியோ ஆய்வுகளுக்கென்றே. ஒவ்வொரு சிகிச்சை ஆய்வுக்கும் பத்துக்கு இத்தனை என்று தர மதிப்பெண் போட்டு வைத்திருப்பார்கள். அந்தத் தளத்துக்குத் தமிழ்ப் பக்கமும் உண்டு என்றால் நம்ப மாட்டீர்கள், போய்ப் பாருங்கள். பிசியோபீடியா தலைப்பு வாரியாகப் படிக்க நல்லது. தசை, நரம்புப் பெயர்களை மனப்பாடம் செய்ய ஆங்கி என்ற அட்டைச் செயலி. மறக்கப் போகிற நேரத்தில் திரும்பக் கேட்கும். உடற்கூற்று முப்பரிமாணச் செயலிகள் பார்க்க அருமைதான், தோலை உரித்து, தசையை உரித்து எலும்புவரை போகலாம். ஆனால் திரையில் இருக்கிற உடம்பில் கொழுப்பில்லை, சேலை இல்லை, "அங்க தொடாதீங்க, வலிக்குது" இல்லை. பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி இடுப்புத் தசைகளை மளமளவென்று ஒப்பித்தாள். தொடை எலும்பின் பக்கவாட்டு மேட்டைத் தொட்டுக் காட்டு என்றேன், கை ஒரு சாண் மேலே போய் நின்றது. அவளைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன், என்னிடம் புத்தகம் இருந்தது, அவளிடம் டேப்லெட்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு நோயாளிக் குறிப்பு எழுதுகிற பழக்கமும் இப்போது வந்திருக்கிறது. எழுதட்டும், ஆனால் பெயர், அடையாள அட்டை எண், முகப்படம் எதுவும் அதற்குள் போகக் கூடாது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய தரவாக வைக்கிறது, தனியார் கிளினிக்குகள் அதற்குக் கட்டுப்பட்டவை. நான் நோயாளியின் கைப்பேசியிலேயே படம் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். படம் அவருடையது, அவரிடமே இருக்கிறது.

யூடியூப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நல்லதும் இருக்கிறது, "ஒரே நாளில் மூட்டு வலி பறந்துவிடும்" வகையும் இருக்கிறது. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2016-ஆம் ஆண்டின் சட்டம் 774-க்குப் பிறகு இங்கே பிசியோவாக வேலை செய்ய அதற்கான மன்றத்தில் பதிவு வேண்டும். திரையில் வெள்ளை அங்கி போட்டுப் பேசுகிறவருக்கு அது இருக்கிறதா என்று பாட்டி எப்படிப் பார்ப்பார்? நோயாளி பார்த்த காணொளியை என்னிடம் காட்டச் சொல்கிறேன். சரியென்றால் அதையே வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் எது ஆகாது என்று அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுவேன். திட்டினால் அடுத்த முறை காட்ட மாட்டார்கள், பார்ப்பதை மட்டும் நிறுத்த மாட்டார்கள்.

இனி வாங்குவது. டேப்லெட் இப்போதைக்கு வேண்டாம். வகுப்பில் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், பழையதே போதும். சந்தாவும் வேண்டாம், பல கல்லூரிகள் நூலகம் வழியாகத் தருகின்றன, சேர்ந்ததும் அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள். கைப்பேசியை அசையாமல் நிறுத்த ஒரு சின்ன முக்காலி, ஒரு பிளாஸ்டிக் கோனியோமீட்டர், தோலில் புள்ளி வைக்க ஒரு பேனா. இவ்வளவும் ஐம்பது வெள்ளிக்குள் (ரிங்கிட்) முடிந்துவிடும். மிச்சக் காசில் அவனுக்கு ஒரு நல்ல காலணி வாங்கிக் கொடுங்கள். பயிற்சிக் காலத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டும், நான் அதில் மிச்சம் பிடித்துக் குதிகால் வலியோடு திரிந்தேன்.