மென்சல் ஒருவர்தான், இருவர் அல்ல

மன்னர் வரலாற்று நூலுக்குப் படம் வரைந்த ஜெர்மன் ஓவியர் அடோல்ஃப் மென்சலும், திரைச்சீலை பறக்கும் ‘பால்கனி அறை’ ஓவியத்தைத் தீட்டிய மென்சலும் வேறு வேறு ஆட்களா, அந்த ஓவியத்துக்குப் போட்டிருக்கும் 1845 என்ற ஆண்டு அச்சுப் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். ஆள் ஒருவர்தான், ஆண்டும் சரி. கட்டுரையில் தயங்காமல் எழுதுங்கள்.

1815இல் பிரெஸ்லாவில் (இன்று போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப்) பிறந்தவர். தந்தை லித்தோ (கல்லச்சு) அச்சகம் நடத்தினார். குடும்பம் பெர்லினுக்குக் குடிவந்த இரண்டே ஆண்டுகளில், 1832இல், தந்தை இறந்துவிட, வீட்டுப் பாரம் பதினாறு வயதுப் பையன் தலையில் விழுந்தது. படம் போட்டுத்தான் சோறு. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் வரலாற்றுக்கு அவர் வரைந்த ஏறத்தாழ 400 மரச்செதுக்குப் படங்கள் அந்த உழைப்பில் வந்தவை. அவர் வரைந்ததை அச்சுக்காக மரத்தில் செதுக்கிய பாரிஸ் செதுக்குநர்களின் வேலை பிடிக்காமல், பெர்லின்காரர்களைப் பழக்கி எடுத்தார். பிடிவாதக்காரர்!

உங்களைக் குழப்பிய ‘பால்கனி அறை’ விற்பனைக்கோ கண்காட்சிக்கோ தீட்டியதல்ல. நன்றாகப் பாருங்கள்: இரண்டு நாற்காலிகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்கின்றன, தரையில் வெயில், சுவரில் முடிக்காமல் விட்டதுபோல ஒரு வெளிறிய திட்டு. இப்படி ஒளியையும் கணநேரத் தோற்றத்தையும் தளர்வான தூரிகையால் தீட்டிப் பெயர்பெற்ற பிரெஞ்சு ஓவியர்கள் இம்ப்ரெஷனிஸ்டுகள்; அவர்களின் முதல் கண்காட்சி 1874இல்தான் நடந்தது. அதற்கு 29 ஆண்டு முந்தைய படம் இது. ஆனால் ‘அவர்களுக்கு முன்னோடி’ என்று எழுதிவிடாதீர்கள். பல பத்தாண்டுகள் வெளியுலகம் பார்க்காத படம் யாருக்கு வழிகாட்டியிருக்க முடியும்?