வரப்பில் மரம் வைத்தால் விளைச்சல் குறையுமா?

கேள்வி: தாராபுரம் அருகே எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். வீட்டைச் சுற்றியும் வரப்பிலும் மரம் வைக்க நினைக்கிறேன். நிழலில் பயிர் வராது என்று அப்பா தடுக்கிறார். காடு அழிந்ததால்தான் மழை குறைந்தது என்கிறார்களே, எங்கள் மரங்கள் அதை ஈடு செய்யுமா?

பதில்: அப்பா சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை. சோளமும் கம்பும் நிழலில் சரியாகக் கதிர் பிடிக்காது. மரத்தின் பக்கவேர்கள் பயிருக்கான ஈரத்தையும் உறிஞ்சிவிடும். அதனால் எந்த மரம், எந்த வரப்பு என்று பார்த்து வைக்க வேண்டும்.

ஐப்பசி முதல் தை வரை சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் நிழல் வடக்கே விழும். வடக்கு வரப்பில் வைத்தால் உங்கள் பயிருக்குத் தொல்லை குறைவு. அந்தப் பக்கம் அடுத்தவர் நிலம் இருந்தால் முதலில் அவரிடம் பேசிவிடுங்கள். வரப்புத் தகராறு மரத்தைவிட வேகமாக வளரும். பனை அதிகம் நிழல் கட்டாது. மலைவேம்பு என்றால் ஆண்டுதோறும் பக்கக்கிளைகளைக் கழித்துவிடுங்கள். மரவரிசைக்கும் பயிருக்கும் நடுவே இரண்டடி ஆழத்தில் வாய்க்கால்போல் வெட்டினால் வேர்கள் உள்ளே வருவது குறையும். தைலமரம் வேண்டவே வேண்டாம்.

மேற்கு எல்லைக்கு உங்கள் ஊர் கொறங்காட்டு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) முறையே போதும்: கிளுவை வேலி, இடையிடையே வெள்வேல் மரம். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வரும் காற்று மேல்மண்ணை அள்ளிப் போவதை அது ஓரளவு தடுக்கும். வெள்வேல் காய் ஆடுமாடுகளுக்குத் தீவனம். காங்கயம் மாடுகளை வளர்த்தது இந்தக் கொறங்காடுதான். புதிதாக யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை.

வீட்டருகே முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியவற்றைப் பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் பக்கம் வையுங்கள். வேம்பும் புங்கமும் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

மழைக் கேள்விக்கு வருகிறேன். பருவமழை கடலிலிருந்து வருகிறது. மூன்று ஏக்கரில் வைக்கும் மரங்கள் அதை அழைத்து வந்துவிடாது. மலைக்காடு அழிந்தால் முதலில் அடிபடுவது ஆற்றின் நீரோட்டம். அமராவதி உருவாகும் சரிவுகளில் சோலையும் புல்வெளியும் இருக்கும்வரை மழைநீர் மண்ணில் இறங்கி, மாதக்கணக்கில் ஓடைகளில் கசியும். சரிவு மொட்டையானால் அதே மழை மண்ணோடு பாய்ந்து அணையில் வண்டலாகப் படியும். அந்தச் சோலைக்கு உங்கள் வரப்பு மரம் ஈடாகாது. உங்கள் மண்ணையும் ஈரத்தையும் காக்கும், விறகும் தழையும் தரும். மரம் வைக்க அதுவே போதுமான காரணம்.

அரசின் தமிழ்நாடு நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்றுகள் இலவசம். அரசின் உழவன் கைபேசிச் செயலியில் பதியலாம். சந்தனம் கேட்டு வாங்கினால், பின்னாளில் வெட்ட வனத்துறை அனுமதி தேவை என்பதை மறக்க வேண்டாம். நடவை ஐப்பசி மழையோடு முடித்துவிட்டு, முதல் இரண்டு கோடைக்குக் குடத்துத் தண்ணீராவது ஊற்றுங்கள்.