பிரசவ அறையில் துணை நிற்பவர்களுக்கு: ஒரு செவிலியரின் பதில்கள்

மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். துணைக்கு என்னை உள்ளே விடுவதாக அரசு மருத்துவமனையில் சொன்னார்கள். எனக்கு இரண்டுமே சிசேரியன், இடுப்பு வலியே தெரியாது. நான் போய் என்ன செய்வது?
– ஒரு தாய், திருவாரூர்

கட்டாயம் போங்கள். மகள் யாரைக் கேட்கிறாளோ அவர்தான் நல்ல துணை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே இந்த ஏற்பாடு தொடங்கியது. பழகிய ஒருவர் விடாமல் கூட இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, வலி நேரமும் கொஞ்சம் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. வார்டில் நானும் அதைத்தான் பார்த்தேன்.

வலி ஏறும்போது எதுவும் கேட்காதீர்கள். முதுகுத்தண்டின் அடியில் உள்ளங்கையை வைத்து, வலி இறங்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். சிலருக்குத் தொட்டாலே பிடிக்காது. 'கையை எடு' என்றால் எடுத்துவிடுங்கள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். வலி விட்டதும் முகத்தைத் துடைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க அழைத்துப் போங்கள், பை நிறைந்திருந்தால் தலை இறங்க வழி இருக்காது. நர்ஸ் சரி என்றால் நடக்கட்டும். படுத்தால் மல்லாந்து வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கட்டும். கத்தினால் கத்தட்டும். 'நாங்கள் எல்லாம் பெறவில்லையா?' என்ற பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரு பாட்டி நினைவுக்கு வருகிறார். ஒவ்வொரு வலியும் இறங்கும்போது, "அந்தா, போயிருச்சு" என்பார். விடிய விடிய அது ஒன்றைத்தான் சொன்னார். பேத்தி அதைப் பிடித்துக்கொண்டே அந்த இரவைக் கடந்தாள்.

சூட்டு வலியா, நிஜ வலியா? சீரகக் கஷாயம் குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார் மாமியார்.

கஷாயம் குடிப்பதில் தப்பில்லை. ஆனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும், நடந்தாலோ படுத்தாலோ தணியும். நிஜ வலி பெரும்பாலும் முதுகில் பிடித்து முன்பக்கம் வரும். போகப் போக இடைவெளி சுருங்கும், வலி நீளும். முதல் பிரசவமென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று ஆனதும் கிளம்பலாம். இரண்டாவதென்றால் அவ்வளவு பொறுக்க வேண்டாம். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ வலிக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள். வலி வரவழைக்க விளக்கெண்ணெய் குடிக்க வேண்டாம்.

'கர்ப்பப்பை வாய் இரண்டு செ.மீ.தான் திறந்திருக்கிறது' என்றால் பயப்படாதீர்கள். முதல் பிரசவத்தில் அப்படியே மணிக்கணக்கில் நிற்கும். 5 செ.மீ.-க்கு மேல்தான் வேகம் பிடிக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் வகுத்துச் சொன்னது. அங்கிருந்து முழுதாகத் திறக்க முதல் பிரசவத்தில் 12 மணி நேரம் வரைகூட ஆகலாம்.

வலி நேரத்தில் சாப்பிடலாமா?

சிக்கல் இல்லாத பிரசவமென்றால் சாப்பிடலாம். கஞ்சி, இட்லி, இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பிருக்கிறது என்று சொல்லியிருந்தால் நர்ஸைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

மருமகளால் முக்க முடியவில்லை. 'வயிற்றை அமுக்கி விடுங்கள்' என்றேன், நர்ஸ் மறுத்துவிட்டார். இது சரியா?
– ஒரு மாமியார், மதுரை

அவர் செய்ததுதான் சரி. மேலிருந்து அமுக்கினால் கர்ப்பப்பையே கிழியலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வார்டிலும் அமுக்கியிருக்கிறோம். தப்பு செய்தோம், இன்றும் எனக்கு வருத்தம்தான்.

முழுதாகத் திறந்த பிறகும் முதல் குழந்தைக்கு மூன்று மணி நேரம் வரை ஆகலாம். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருந்தால் பொறுக்கலாம். குத்துக்கால் வைத்தோ ஒருக்களித்தோ நிலையை மாற்றிப் பார்ப்போம். தானாக முக்கத் தோன்றும்போது முக்கினால் போதும். தலை தெரிந்ததும் முக்குவதை நிறுத்தி, வாயால் ஊதச் சொல்வோம். தலை மெதுவாக வந்தால் கிழிசல் குறையும்.

எல்லோருக்கும் வெட்டித் தையல் போடுவார்களா?

தேவையில்லை. துடிப்பு குறைந்து சீக்கிரம் எடுக்க வேண்டியிருந்தாலோ, ஆயுதம் போட்டு எடுக்கும்போதோ வெட்டலாம். அதுவும் மரப்பு ஊசி போட்டு, அவளிடம் சொல்லிவிட்டுத்தான்.

எங்கள் ஊர் மலைமேல் இருக்கிறது. 108 வருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டால்?
– ஒரு கணவர், கொல்லிமலை

மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை உண்டு. உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் இப்போதே கேட்டு, தேதிக்கு முன்பே போய்த் தங்கிவிடுங்கள்.

அதையும் மீறி வீட்டிலேயே தலை வந்துவிட்டால், 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தையை இழுக்காதீர்கள், வருவதைத் தாங்கினால் போதும். கழுத்தில் தொப்புள்கொடி தளர்வாகச் சுற்றியிருந்தால் தலைக்கு மேலாக எடுத்துவிடுங்கள். பிறந்ததும் துடைத்து, தாயின் வெறும் மார்பில் போட்டு இருவரையும் மூடுங்கள். அழாவிட்டால் முதுகைத் துணியால் தேய்த்துவிடுங்கள். கொடியை வெட்ட வேண்டாம், அதில் சாம்பலோ சாணியோ வைக்கவே கூடாது. ஆம்புலன்ஸில் வருபவர் பார்த்துக்கொள்வார்.

குழந்தைக்குப் பின்னால் வரும் நஞ்சு தானாக விழட்டும், கொடியைப் பிடித்து இழுக்காதீர்கள். விழுந்த பிறகு தொப்புளுக்குக் கீழே தொட்டுப் பாருங்கள், கர்ப்பப்பை பந்து போலக் கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழவென்றிருந்தால் கெட்டியாகும் வரை தேய்த்துவிடுங்கள். குழந்தை மார்பில் சப்பினாலும் கர்ப்பப்பை சுருங்கும், அதனால் சீம்பாலை ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள். சேனை, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தவுடன் ரத்தப்போக்கைத் தடுக்க ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி போடுவோம். வீட்டில் பெற்றவளுக்கு அது கிடைத்திருக்காது. ரத்தம் துணி துணியாக நனைந்தாலோ, அவளுக்குத் தலை சுற்றினாலோ, நஞ்சு அரை மணி நேரமாகியும் விழாவிட்டாலோ மறுபடி 108-ஐ அழைத்து அதைச் சொல்லுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு ஒரு நாள் பொறுங்கள்.