பழைய ராணுவத் துப்பாக்கி வாங்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டெக்சாஸில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கும் எங்கள் மாப்பிள்ளைக்குப் பழைய ராணுவத் துப்பாக்கி மேல் ஆசை வந்திருக்கிறது. நம் நாட்டு மேற்கு வங்க இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த ரைஃபிளே அங்கே விற்பனைக்கு வருகிறதாம். ‘1962 சீனப் போரில் சுட்டது’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்களாம். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில் விசாவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் தடை போடுகிறது. மாநில அரசு கொடுக்கும் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை கிடையாது. கடையில் நிரப்பும் படிவத்தில் பொய் எழுதினால் அதுவே பெரிய குற்றம். வேலை, விசா, குடும்பம் எல்லாம் ஒரே கையெழுத்தில் போய்விடும், அதனால் அங்கேயே ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெளிவாகட்டும்.

அடுத்து அந்தப் போர்க் கதை. இஷாப்பூரின் 2ஏ, 2ஏ1 ரகங்கள் 7.62 மி.மீ. தோட்டாவுக்காக, 1962 போருக்குப் பிறகுதான் உருவாக்கப்பட்டன. அந்தத் துப்பாக்கியைக் காட்டி ‘சீனப் போரில் சுட்டது’ என்றால் அது பொய், மேலே பேச வேண்டியதே இல்லை. கைப்பிடிக் கட்டை வந்து சேரும் இடத்து இரும்புப் பட்டையில், வலது பக்கம், ஆண்டு பொறித்திருக்கும். கிரீடம் இருந்தால் வெள்ளைக்காரன் காலம், ஆர்.எஃப்.ஐ. (ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) என்று இருந்தால் சுதந்திரத்துக்குப் பிறகு செய்தது. அதற்கு முந்தைய .303 ரகமான த்ரீ நாட் த்ரீயாக இருந்து ஆண்டும் பொருந்திப் போனாலும், எழுத்துப்பூர்வமான ஆதாரம் இல்லாத கதைக்கு ஒரு டாலர்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம்தான் இரும்பு. தோட்டா உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பார்க்க வேண்டும். சுருள் வரிகள் கூர்மையாகத் தெரிகின்றனவா, அம்மைத் தழும்பு மாதிரி கறுப்புக் குழிகள் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு துப்பாக்கியின் போல்ட்டை மாட்டியிருந்தால் தோட்டாவின் அடிக்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளி கூடிப்போய், சுடும்போது தோட்டாக் கூடு கிழிந்து சூடான வாயு முகத்துக்கு நேரே வரக்கூடும். எண் ஒத்துப்போனாலும் சரி, அந்த இடைவெளியைத் துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் அதற்கான அளவுகோல் போட்டுப் பார்க்கும்வரை ஒரு ரவுண்டுகூடச் சுடக் கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். டி.பி. (டிரில் பர்பஸ்) என்று முத்திரை இருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடுவதற்கில்லை. குழலுக்குள் வரியே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது போலீஸுக்காக 410 மஸ்கட்டாக, அதாவது வரியில்லாக் குழல் துப்பாக்கியாக மாற்றியதாக இருக்கலாம், அதில் த்ரீ நாட் த்ரீ தோட்டாவை நுழைத்தால் ஆபத்து.

பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைக்கும். நீலகிரி அருவங்காட்டுத் தொழிற்சாலைக்குப் பெயர் கொடுத்த கார்டைட் என்ற வெடிமருந்துதான் அந்தக் காலத்து த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்குள் குச்சி குச்சியாக இருக்கும். ஆனால் துரு வருவது கார்டைட்டால் இல்லை, தோட்டாவின் அடியில் இருக்கும் தீமூட்டி மருந்தால். அது எரிந்ததும் குழலுக்குள் உப்புப் படிகிறது, உப்பு ஈரத்தை இழுக்கிறது. வெறும் எண்ணெய் விட்டுத் துடைத்தால் உப்பு கரையாது. சுட்ட அன்றைக்கே கொதிநீரைக் குழல் வழியாக ஊற்றி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் போட வேண்டும். கட்டையை உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம், முத்திரைகள் போனால் மதிப்பும் போய்விடும்.

ஊருக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடச் சொல்லுங்கள். பெட்டியில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவுக்கே நம் விமான நிலையங்களில் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் போடுகிறார்கள்.

கேள்வி: போலீஸ் கழித்துப்போட்ட த்ரீ நாட் த்ரீ துப்பாக்கிகளை விவசாயிகளுக்கு விற்றால் என்ன? இங்கே காட்டுப்பன்றி ஒரு கிழங்கைக்கூட விட்டுவைப்பதில்லை.
– வாசகர், கூடலூர்

பதில்: உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆனால் த்ரீ நாட் த்ரீ தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸில் வராது. அதன் குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும், லயன் வீடுகளும் தேயிலை பறிக்கிற பெண்களும் இருக்கிற சரிவில் அதை நினைத்துப் பாருங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் 2022-ல் கேரள அரசு, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அங்கேயும் லைசென்ஸ் உள்ளவர்தான் சுட முடியும். அந்த உத்தரவு எல்லையான நாடுகாணியோடு நின்றுவிடும், இந்தப் பக்கம் வனத்துறையைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: அப்பா இறந்துவிட்டார். குடியாத்தம் வீட்டுப் பரணில் அவருடைய லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. நான் சித்தூரில் இருக்கிறேன், இங்கே எடுத்து வந்து வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், சித்தூர்

பதில்: எடுத்து வராதீர்கள். அப்பாவின் லைசென்ஸ் உங்களுக்குச் செல்லாது, மாநில எல்லையைத் தாண்டினால் சிக்கல் இன்னும் கூடும். குடியாத்தம் போலீஸ் ஸ்டேஷனில் முதலில் பேசிவிட்டு, அங்கேயோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்ள விருப்பம் இருந்தால் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழோடு உங்கள் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள், அது வரும்வரை துப்பாக்கி அங்கேயே இருக்கட்டும். பரணில் தோட்டாப் பெட்டி இருந்தால் அதையும் கணக்குக் காட்டி ரசீதில் எழுதி வாங்குங்கள்.