நம்ம சொந்தக் கதைய எழுதுறதால யாராவது நட்பு ஆகியிருக்காங்களா? அவங்களுக்கு என்ன சொல்ல நினைக்கீங்க?

ஆகியிருக்காங்க, ஒரு அக்கா. சொந்தக்காரங்க கிடையாது, கூடப் படிச்சவங்க கிடையாது, ஒரே தெருவும் கிடையாது. நான் எழுதுன அரைப் பக்கத்தப் படிச்சிட்டு அவங்க ஒரு போஸ்ட் கார்டு போட்டாங்க, அவ்வளவுதான் ஆரம்பம். இப்ப எனக்குப் பேத்தி எடுத்தாச்சு, அது இன்னும் ஓடிட்டு இருக்கு.

எனக்கு சொந்த ஊரு முக்கூடல். திருநெல்வேலிக்காரங்களுக்கு சொல்ல வேண்டாம், பீடி ஊரு. எங்கம்மா பீடி சுத்துவா. மத்தியானம் சோறு தின்னு ஏனம் கழுவி முடிச்சதும் தெருவுல பாதிப் பொம்பளைங்க எங்க வீட்டு தார்சாவுல, அதான் முன்கூடத்துல, வந்து உக்காந்துருவாங்க, ஆளுக்கு ஒரு சொளவு (முறம்) மடியில, ஒருத்தி இலை வெட்டுவா, ஒருத்தி தூள் வச்சு உருட்டி நூல் சுத்துவா, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைங்களுக்கு முனை மடக்குற வேலை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னுதான் கூலி, அதனால வாய் பாட்டுக்குப் பேசும் ஆனா கை நிக்காது. கல்யாணம் பேசி முடிச்சது, சண்டை போட்டது, ஒருத்தி புருஷன விட்டு வந்தது எல்லாம் அந்த தார்சாவுலதான். என் நோட்டத் தொறந்தா பொகையில வாடை வரும். டீச்சர் அத கைய நீட்டித் தூரமா வச்சுத்தான் திருத்துவாங்க.

கல்யாணம் ஆகி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மீனாட்சிபுரத்துக்கு வந்தாச்சு. இங்க வீட்டுல யாரும் பீடி சுத்துறதில்ல. ஒரு நாள் என்னமோ அந்த வாடை நினைப்பு வந்துருச்சு, என்னன்னு சொல்லத் தெரியல, உக்காந்து எழுதிட்டேன், அந்த நோட்டு, அந்த டீச்சர், அம்மா விரல் நுனி மஞ்சளா இருக்கும்லா அது எல்லாம். ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்புனேன், வீட்டுல மூச்சு விடல. போட்டுட்டாங்க. பாதிய வெட்டிட்டாங்க, அது வேற விஷயம், ஆனா கீழ என் பேரு, கதவு நம்பர், தெரு, பின்கோடு வரைக்கும் முழுசாப் போட்டுட்டாங்க. தொண்ணூறுகள் ஆரம்பத்துல பத்திரிகைகள்ல அது சாதாரணம். இப்ப ஒரு பொம்பளப் பிள்ளை அட்ரஸ அப்படி அச்சுல போட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

லெட்டர் நிறைய வந்துச்சு. பாதி, பேனா நண்பர் ஆகலாமான்னு கேக்குற பயலுக. அதையெல்லாம் என் மாமியா வாங்கி அடுப்புல போட்டாங்க, சரியாத்தான் செஞ்சாங்க. ஒரு கார்டு மட்டும் தப்பிச்சுது, ஏன்னா அது கல்லிடைக்குறிச்சியில இருந்து ஒரு பொம்பள எழுதுனது. அப்ப கார்டு 15 பைசா. மேல பிள்ளையார் சுழி, பக்கத்துல தேதி, அப்புறம் இப்படி ஆரம்பிச்சுது: "அன்புள்ள தங்கச்சிக்கு, உங்க வீட்டில் புகையிலைத் தூள், எங்க வீட்டில் உளுந்து மாவு. எங்க நோட்டெல்லாம் பெருங்காயம் மணக்கும். எங்க டீச்சருக்கு அது பிடிக்கும், அது ஒன்றுதான் வித்தியாசம்."

கல்லிடைக்குறிச்சின்னா அப்பளம். அவங்க வீட்டுலயும் அதான் தொழில், உளுந்து மாவுல பிரண்டைச் சாறு, பெருங்காயம் சேத்து இடிச்சு, உருண்டை பிடிச்சு, தேய்ச்சு, வெயில்ல போட்டு எடுக்கணும். வானம் கறுத்தா வீடே மொட்டை மாடிக்கு ஓடும். அவங்களும் சின்னப் பிள்ளையில கை வேலை செஞ்சுக்கிட்டே பாடம் படிச்சவங்க. நான் எழுதுனதுல அந்த ஒரு இடம் அவங்களுக்குப் பட்டிருக்கு, அத எடுத்து எழுதிட்டாங்க. 'கட்டுரை அருமை, தொடர்ந்து எழுதவும்'னு எழுதியிருந்தா நான் ஒரு நன்றி கார்டு போட்டு முடிச்சிருப்பேன். பெருங்காயம்னு எழுதுனதாலதான் நான் திருப்பி எழுதுனேன்.

கார்டுல ஒரு சங்கடம் உண்டு, தபால்கார அண்ணாச்சி படிச்சிருவாரு. படிக்கிறதோட விடமாட்டாரு, தெருமுனையில வரும்போதே "எம்மா, கல்லிடைக்குறிச்சி அக்காவுக்கு முட்டு வலி தேவலையாம்"னு சத்தம் குடுத்துக்கிட்டே வருவாரு. கார்டு என் கைக்கு வர்றதுக்குள்ள நாலு வீட்டுக்கு சேதி போயிரும். அதுக்கு அக்கா ஒரு வழி வச்சிருந்தாங்க. கார்டு நடுவுல எல்லாம் சாதாரண சேதியா இருக்கும், மழை பெஞ்சுது, உளுந்து வெலை ஏறிப்போச்சு, ஆத்துல தண்ணி வந்துட்டு, இப்படி. இடம் முடிஞ்சதும் கார்டத் திருப்பி ஓரத்துல நெருக்கி எழுதுவாங்க, அந்த ஓரமும் முடிஞ்சா தலைகீழா இன்னொரு ஓரம். முக்கியமான விஷயம் எப்பவும் ஓரத்துலதான். "பெரியவன் பாஸ் ஆகலை. யாரிடமும் சொல்லலை." அவ்வளவுதான் இருக்கும். அண்ணாச்சிக்கு ஓரத்தத் திருப்பிப் படிக்கப் பொறுமை கிடையாது, பாவம் வெயில்ல சைக்கிள் மிதிச்சு வர்ற மனுஷன். ஓரத்துலயும் அடங்காத விஷயம்னா, மடிச்சு ஒட்டி அனுப்புற இன்லேண்டு லெட்டர்ல வரும். இன்லேண்டு வந்துச்சுன்னா அது மாமியா விஷயம்னு அர்த்தம், என்ன ஏதுன்னு கேக்காம நான் அடுக்களைக்குள்ள போயிருவேன்.

எங்கம்மா தவறுனப்ப நடந்தத சொல்லணும், இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத உக்காந்ததே அதுக்காகத்தான்.

வந்தவங்க எல்லாரும் ஒண்ணுபோலத்தான் சொன்னாங்க, மனசத் தேத்திக்கோ, அவ குடுத்து வச்சது அவ்வளவுதான், நல்ல சாவு, படுக்கையில விழாம போயிட்டா. யாரையும் குத்தம் சொல்லல, நானும் எழவு வீட்டுல இதத்தான் சொல்லுதேன், வேற என்னத்த சொல்ல. அக்காவுக்கு சேதி போயி, பதினாறு கழிஞ்ச பெறகு ஒரு இன்லேண்டு வந்துச்சு. அதுல ஆறுதல்னு ஒரு வரி கூட கிடையாது. பூராவும் கேள்வி. "அம்மா முனை மடக்குவது வெறும் விரலாலா, இல்லை கையில் எதுவும் வைத்திருப்பார்களா? உட்காரும்போது வலது காலை மடக்குவார்களா, இடது காலையா? எந்த சாமியைக் கும்பிடுவார்கள்? உன்னைக் கோபத்தில் என்ன சொல்லித் திட்டுவார்கள்? வெத்தலை உண்டா?" இப்படி ரெண்டு பக்கமும் மடிப்பு வரைக்கும். எனக்கு முதல்ல கோவம் வந்துச்சு, இது என்ன கோட்டித்தனம், செத்த வீட்டுல வந்து இதையா கேப்பாங்கன்னு. அப்புறம் ராத்திரி எல்லாரும் தூங்குன பெறகு காலு விஷயத்துக்கு மட்டும் பதில் எழுதலாம்னு உக்காந்தேன். இடது கால்தான். இடது காலு மடக்கி வலது முட்டு மேல சொளவ சாய்ச்சு வச்சிருப்பா, அதனால அவ சேலையில அந்த இடம் மட்டும் நைஞ்சிருக்கும், அத நான் அதுவரைக்கும் யோசிச்சதே இல்ல. எழுதிக்கிட்டே போனேன். திட்டுறது எழுதும்போது சிரிப்பு வந்துருச்சு, "ஆக்கங்கெட்ட மூதி"ம்பா, அத எழுத்துல பாத்தா அம்மாவே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு லெட்டர், அந்த வருஷம் பூரா அதுதான் ஓடுச்சு. அவங்க எங்கம்மாவ ஒரு தடவை கூடப் பாத்தது கிடையாது, ஆனா இன்னைக்கு முக்கூடல்ல இருக்குற எங்க சொந்தக்காரங்கள விட அவங்களுக்குத்தான் எங்கம்மாவ நல்லாத் தெரியும்.

பின்னாடிதான் எனக்குத் தெரிஞ்சுது, எழுதுன ஆளத் தேடி கார்டு போடுற பழக்கம் இந்த மண்ணுலயே உண்டுன்னு. திருநெல்வேலி டவுண்ல சுடலைமாடன் கோவில் தெருவுல தி.க.சி. இருந்தாருல்லா, 2000ல சாகித்ய அகாடமி விருது வாங்குன விமர்சகர், 2014ல தவறிட்டாரு. எங்கயோ ஒரு சின்னப் பத்திரிகையில பேரு தெரியாத பையன் எழுதியிருப்பான், அதப் படிச்சிட்டு அவனுக்கு ஒரு கார்டு போட்டுருவாரு. ராஜவல்லிபுரத்துக்காரர், எழுத்தாளர் வல்லிக்கண்ணனும் அப்படித்தான், கார்டுக்குக் கார்டு பதில் போடுற மனுஷன். இடைசெவல்கார எழுத்தாளர்கள் கி.ரா.வும் (கி. ராஜநாராயணன்) கு. அழகிரிசாமியும் ஒரே ஊருல வளந்த சேக்காளிங்க, அழகிரிசாமி மெட்ராஸ், மலேயான்னு போன பெறகும் லெட்டர்லதான் அந்த சேக்காளித்தனம் ஓடிச்சு. (இடைசெவல் அப்ப நம்ம ஜில்லா, 1986ல தூத்துக்குடி தனியாப் பிரிஞ்சதும் அந்தப் பக்கம் போயிருச்சு.) அவங்கல்லாம் பெரிய ஆளுங்க, அவங்க லெட்டர் அச்சுல வரும், எங்களுது டிரங்குப் பெட்டியில கிடக்கும். ஆனா முன்னப்பின்ன தெரியாதவங்க எழுதுனதப் படிச்சிட்டு, வேலைய விட்டுட்டு, பேனாவத் தேடி எடுத்து ரெண்டு வரி போடுறாங்க பாருங்க, அந்த மனசு பெரிய ஆளுக்கும் அப்பளம் இடுற அக்காவுக்கும் ஒண்ணுதான்னு நினைக்கேன். எழுதுனவன எல்லாரும் பாராட்டுறாங்க, பதில் போட்டவங்கள யாரும் கண்டுக்கிறதில்ல. என்னக் கேட்டா எழுதுறது சுலபம், நமக்கு ஆத்தமாட்டாம எழுதிருதோம். பதில் போடத்தான் மனசு வேணும்.

நேர்ல பாத்தீங்களான்னு கேப்பீங்க. பாத்தோம், ரொம்ப வருஷம் கழிச்சு, நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்துக்கு அவங்க டவுணுக்கு வந்தப்ப. ரத வீதியில அந்தக் கூட்டம், மேளம், வடம் பிடிக்கிறவங்க சத்தம், இதுக்கு நடுவுல ரெண்டு பேரும் நின்னுக்கிட்டு என்ன பேசன்னே தெரியல. சாப்பிட்டியா, பஸ்ஸா ரயிலா, பிள்ளைங்க வரலையா, அதோட முடிஞ்சு போச்சு. அவங்க கையில ஒரு கட்டு அப்பளம், என் கையில கால் கிலோ அல்வா, மாத்திக்கிட்டோம். எனக்கு வீட்டுக்கு வந்து ஒரு மாதிரி ஆயிருச்சு, இவ்வளவு வருஷப் பழக்கம் இதுக்குத்தானான்னு. அந்த வாரமே கார்டு வந்துட்டு, ஓரத்துல எழுதியிருந்தாங்க: "உனக்கு இவ்வளவு பெரிய குரல் என்று நினைக்கலை. லெட்டரில் நீ பையத்தானே பேசுவாய்." அதப் படிச்ச பெறகுதான் அவங்களப் பாத்துட்டு வந்த மாதிரியே இருந்துச்சு.

2019 செப்டம்பர்ல வந்த கார்டு ஒண்ண மட்டும் பேத்திக்குக் காட்டணும்னு தனியா எடுத்து வச்சிருக்கேன். அவங்க ஊரு குலசேகரமுடையார் கோவில் நடராஜர் சிலை 1982ல திருட்டுப் போனது ஆஸ்திரேலியாவுல கண்டுபிடிச்சு அந்த மாசம்தான் திரும்பி வந்துச்சு. பேப்பர்ல எல்லாம் வந்த விஷயம்தான், ஆனா அக்கா எழுதுனது பேப்பர்ல வரல. சிலை காணாமப் போனப்ப அவங்க கல்யாணம் ஆகாத பிள்ளையாம், திரும்பி வந்தப்ப கூட்டத்துல நின்னு "எனக்குத் தலை நரைத்துவிட்டது, அவருக்கு ஒன்றும் ஆகலை"ன்னு பக்கத்துல நின்னவங்ககிட்ட சொன்னாங்களாம்.

அப்புறம் அந்த 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அதே மழை. தாமிரபரணி கரை தாண்டி மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை எல்லாம் தண்ணி. எங்க வீட்டுல கட்டிலுக்கு மேல ஏறிருச்சு, மாடி வீட்டுக்காரங்க புண்ணியத்துல நாங்க தப்பிச்சோம், லெட்டர் வச்சிருந்த டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலயே கிடந்துச்சு. தண்ணி வடிஞ்சு சகதிய அள்ளிப் போட்டுட்டு பெட்டியத் தொறந்தா, மைப் பேனாவுல எழுதுனது பூராவும் நீலத் தண்ணியாக் கலங்கிப் போச்சு. பால்பாயிண்டுல எழுதுனது காகிதம் ஊறிப்போயும் எழுத்து அப்படியே நிக்கி. அக்கா ஆரம்பத்துல மைப் பேனா, இன்லேண்டுன்னா கண்டிப்பா மைப் பேனாதான். கொடியில துணிக்குப் பக்கத்துல கிளிப் போட்டு ஒவ்வொண்ணாக் காயப் போட்டேன், அழுகையா வந்துச்சு. போன் பண்ணி சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தத்தையே காணும், அப்புறம் "நல்லதாப் போச்சு விடுட்டீ, என் மாமியாரப் பத்தி எழுதுனதெல்லாம் அதுலதான இருந்துச்சு"ன்னாங்க.

இப்ப அவங்களுக்குக் கை நடுங்குது, எழுத முடியல. பேரன் வாட்ஸ்அப் போட்டுக் குடுத்திருக்கான், வாய்ஸ் மெசேஜ் வருது, பின்னாடி மிக்ஸி ஓடும், குக்கர் விசில் அடிக்கும், யார்கிட்டயோ "அந்த வெஞ்சனத்த மூடி வையி"ன்னு சொல்லிட்டு திரும்ப என்கிட்ட பேசுவாங்க. வாட்ஸ்அப் வந்து லெட்டர் செத்துப் போச்சுன்னு புலம்புற கட்சி நான் இல்ல. மெசேஜ் முடியப்போற நேரத்துல ஒரு செகண்ட் நிறுத்திட்டு, சத்தத்தக் கொறச்சு ஒரு விஷயம் சொல்லுவாங்க பாருங்க, அதான் இப்ப கார்டு ஓரம். நான் மட்டும் இன்னும் கார்டு வாங்குதேன், இன்னைக்கும் 50 பைசாதான். கவுண்டர்ல 50 பைசா சில்லறைக்கு எங்க போக, அதனால அஞ்சு ரூவா குடுத்து பத்தா வாங்கிக்கிறது. என் கார்டு போனா அவங்க பேரன்தான் வாசிச்சுக் காட்டுதானாம், ஓரத்தையும் விடாம.

என்ன சொல்ல நினைக்கீங்கன்னு கேட்டிருந்தீங்க. அக்காட்ட "உங்களப் பத்தி எழுதி நன்றி சொல்லப் போறேன்"னு நேத்து சொன்னேன். "நன்றி எல்லாம் வேண்டாம், என் பேரு மட்டும் போட்டுராத, அப்பளம் கேட்டு ஆளு வந்துரும், இப்ப யாரு இடுதா"ன்னாங்க. அதான் பேரு போடல.