கேமரா டெண்டரில் முதல் சுற்றிலேயே வெளியேறுவது ஏன்?

கேள்வி: காட்பாடியில் கம்ப்யூட்டர், சிசிடிவி கேமரா விற்றுப் பொருத்திக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். சிறுதொழில் பதிவான உத்யம் சான்று உண்டு. ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கான 12 லட்சம் ரூபாய் கேமரா ஏலத்தில், அரசு பொருள் வாங்கும் 'ஜெம்' இணையதளம் வழியாகக் கலந்துகொண்டேன். விலையைத் திறக்கும் முன்பே நிராகரித்துவிட்டார்கள். 'இஆர் சான்று இல்லை, இஎம்டி கட்டவில்லை' என்கிறார்கள். சிறுதொழிலுக்கு இஎம்டி, அதாவது ஏலத்துக்கு முன்பே கட்டும் பிணைத்தொகை, கிடையாதே?

பதில்: இரண்டு காரணமும் சரியானவைதான். இரண்டையும் அடுத்த ஏலத்துக்குள் சரிசெய்துவிடலாம்.

முதலில் கேமரா. 2024 ஏப்ரல் 9 அன்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கைப்படி, கேமராவுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு பெற வழக்கமான மின்பாதுகாப்புச் சோதனை மட்டும் போதாது. தகவல் பாதுகாப்புச் சோதனையிலும் தேற வேண்டும். அதன் பெயர்தான் இஆர். 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயம். கேமராவின் சர்க்யூட் போர்டில் இருக்கும் சோதனை இணைப்பு (போர்ட்) மூடியிருக்கிறதா, காட்சி மற்றவர் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் ஆகிப் போகிறதா, கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை வெளியாள் மாற்ற முடியுமா என்றெல்லாம் பார்ப்பார்கள். அரசு அலுவலகத்துக்குள் நடப்பதை எங்கிருந்தோ ஒருவர் பார்க்க முடிந்தால் அந்தக் கேமராவை மாட்டாமலே இருக்கலாம். ஆகவே இந்த விதி தேவையானது. இதில் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

சரக்கு எடுக்கும்போதே கேமராவைத் திருப்பிப் பாருங்கள். லேபிளில் ஐஎஸ் 13252 என்ற எண்ணும், 'ஆர்' எழுத்தை அடுத்து 8 இலக்கப் பதிவு எண்ணும் இருக்கும். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் நிறுவனத்தின் பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். அதோடு விட்டுவிடக் கூடாது. இஆர் வருவதற்கு முன் வாங்கிய பதிவுக்கும் இதே மாதிரி எண்தான். எனவே இஆர் சோதனை அறிக்கையின் நகலைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கி, அதிலுள்ள மாடல் எண்ணை லேபிளோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: கடைசியில் ஒட்டியிருக்கும் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு மாடல். தயாரிப்பாளர் தரும் அங்கீகாரக் கடிதத்தில் ஏல எண், உங்கள் கடைப் பெயர், அதே மாடல் மூன்றும் இருக்க வேண்டும். கடையில் தேங்கிய பழைய ஸ்டாக்கை அரசு ஏலத்தில் வைக்கவே வேண்டாம்.

அடுத்தது உத்யம். 2021 ஜூலையில் வணிகர்களையும் உத்யமில் சேர்த்தார்கள். ஆனால் வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டும். இஎம்டி விலக்கு, பொருளைத் தானே தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். ஜெம் ஏல ஆவணத்திலேயே வணிகர்களுக்கு இல்லை என்று எழுதியிருப்பார்கள். உங்கள் சான்றில் தொழில் குறியீடு 46 அல்லது 47 என்று தொடங்கினால் நீங்கள் வணிகர். சிறுதொழில்களுக்கு உள்ள, 45 நாளில் பணம் கேட்கும் சட்ட உரிமையையும் அந்தச் சான்றை வைத்து நம்ப வேண்டாம். கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பு, பராமரிப்பும் உண்மையிலேயே செய்கிறீர்கள் என்றால் 95-இல் தொடங்கும் குறியீட்டையும் சேருங்கள். ஆண்டுப் பராமரிப்பு ஏலங்களில் அது கைகொடுக்கும். கேமரா விற்பனைக்கு உதவாது.

ஆக, பொருள் ஏலத்துக்கு இஎம்டி கட்டியே ஆக வேண்டும். மத்திய அரசு நிதி விதிப்படி மதிப்பில் 2 முதல் 5 சதவீதம். 12 லட்சத்துக்கு 24,000 முதல் 60,000 ரூபாய். டிடி அல்லது வங்கி உத்தரவாதமாகக் கொடுத்தால் ஸ்கேன் ஏற்றியதோடு நிற்காமல், ஏலம் முடிந்த 5 நாளுக்குள் அசல் அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மாநகராட்சி, ஆட்சியர் அலுவலகம் போன்ற மாநில அரசு வேலைகளுக்கு வழி வேறு: 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 'டிஎன் டெண்டர்ஸ்' தளமும். அங்கே கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். விலைப்பட்டியல் எக்செல் கோப்பின் பெயரை மாற்றினால் தளம் ஏற்காது. எல்லாம் ஏற்றியபின் 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தாவிட்டால் டெண்டர் போட்டதாகவே ஆகாது.

வேலை கிடைத்தபின் ஒன்று. வரி நீங்கலாக ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டினால், பில்லில் 2 சதவீதத்தை ஜிஎஸ்டி டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) என்று பிடிப்பார்கள். ஜிஎஸ்டி தளத்தில் 'டிடிஎஸ் கிரெடிட்' பகுதிக்குப் போய் நீங்கள் ஏற்றுக்கொண்டு தாக்கல் செய்தால்தான் அந்தத் தொகை உங்கள் ரொக்கப் பேரேட்டுக்கு வரும். ஆடிட்டரிடம் மாதாமாதம் இதைக் கேளுங்கள்.