கதை முடிந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. குர்ஆனின் சின்னச் சின்ன சூராக்களை (அத்தியாயங்களை) மனனமாக ஓதுகிறான். ஆனால் மார்க்கத்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்தாலே, "கதையா, அறிவுரையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். பாட்டாகச் சொல்லலாம் என்றால், கவிதையெல்லாம் கூடாது என்கிறார் வீட்டுப் பெரியவர். நான் என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் மகன் கேட்பது நியாயமான கேள்வி. கதையை ஆசையாகச் சொல்லிவிட்டு, "அதனால் நீயும் இப்படி இருக்கணும்" என்று கடைசியில் ஒட்டவைக்கிறோமே, அந்த ஒரு வரி வரப்போகிறது என்பது அவனுக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. அதை விட்டுவிடுங்கள்.

ஹதீஸில், அதாவது நபிமொழியில், வரும் நாய்க் கதையைச் சொல்லிப் பாருங்கள். வழிப்போக்கர் ஒருவர் தாகத்தோடு கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடிக்கிறார். மேலே வந்தால் ஒரு நாய், தாகம் தாங்காமல் ஈர மண்ணை நக்கிக்கொண்டு நிற்கிறது. மறுபடியும் இறங்குகிறார். தோல் காலணியில் தண்ணீரை நிரப்புகிறார். ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டுமே, அதனால் காலணியை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்து நாய்க்குக் கொடுக்கிறார். அல்லாஹ் அவரை மன்னித்தான். அவ்வளவுதான் கதை. என் மகளுக்கு இதைச் சொன்னபோது, "செருப்பை வாயிலயா? அழுக்கா இருக்காதா?" என்று முகத்தைச் சுளித்தாள். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "நாய்க்கு ரொம்ப தாகமா இருந்திருக்கும்ல?" என்றாள். நான் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அந்த இடத்துக்கு அவளைக் கொண்டுவந்திருக்க முடியாது.

குர்ஆனிலேயே குழந்தைகளுக்குப் பிடித்த காட்சிகள் நிறைய இருக்கின்றன. யூனுஸ் நபியை விழுங்கிய மீன், செய்தி கொண்டுவரும் ஹுத்ஹுத் பறவை, யூஸுஃப் நபி கண்ட கனவு. எனக்கு மிகவும் பிடித்தது 27ஆம் அத்தியாயத்தின் எறும்பு. சுலைமான் நபியின் படை வருவதைப் பார்த்து, "உங்கள் வீடுகளுக்குள் போய்விடுங்கள், அவர்கள் அறியாமலேயே உங்களை மிதித்துவிடப் போகிறார்கள்" என்று அது கூட்டத்தை எச்சரிக்கிறது. அந்த "அறியாமலேயே" என்ற சொல்லில் கொஞ்சம் நின்று சொல்லுங்கள். வேண்டுமென்றே மிதிப்பார்கள் என்று அந்த எறும்பு நினைக்கவில்லை. அதைக் கேட்டு சுலைமான் நபி புன்னகைக்கிறார்.

சரி, கவிதைக்கு வருகிறேன். பெரியவரின் கவலை ஆதாரமில்லாதது அல்ல. குர்ஆனின் 26ஆம் அத்தியாயத்தின் கடைசியில் கவிஞர்களைப் பற்றிய கண்டனம் இருக்கிறது. ஆனால் ஈமான் (இறைநம்பிக்கை) கொண்டு நற்செயல் செய்பவர்களுக்கு அங்கேயே விலக்கும் இருக்கிறது. ஹிஜ்ரி 5இல் (கி.பி. 627) மதீனாவைக் காக்க அகழ் தோண்டியபோது, நபி (ஸல்) அவர்கள் உடம்பெல்லாம் புழுதியோடு மண் சுமந்தபடி, தம் தோழரும் கவிஞருமான அப்துல்லாஹ் இப்னு ரவாஹாவின் வரிகளைச் சொன்னார்கள். கடைசிச் சொல்லில் குரலை உயர்த்தி நீட்டினார்கள். பெரியவரிடம் இதைப் பணிவாகச் சொல்லுங்கள். கூடவே, குர்ஆன் கவிதை அல்ல என்பதையும் பிள்ளைக்குப் பிரித்துச் சொல்லிவிடுங்கள். ஓதுவது வேறு, பாடுவது வேறு.

பாட்டுக்குப் புத்தகம் தேட வேண்டாம். கதை சொன்ன மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்தே நாலு வரி கட்டுங்கள். இப்படி:

வரிசை கட்டி எறும்புக் கூட்டம் போகுது,
வழியில் எங்கோ படையின் சத்தம் கேட்குது,
"வளைக்குள் ஓடு!" என்று சொன்னது ஓர் எறும்பு,
வந்த நபியின் இதழில் சிரிப்பின் அரும்பு.

அவன் வரி கோணலாக வந்தால் திருத்தாதீர்கள். படம் வரைய ஆசைப்பட்டால் எறும்பை வரையட்டும்; நபிமார்களை நாம் வரைவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நபியவர்கள்மீது தினமும் குப்பை கொட்டிய மூதாட்டி என்று ஒரு கதை எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதற்கு நம்பகமான ஹதீஸ் ஆதாரம் இல்லை. நல்ல கதைதானே என்று சொல்லிவிடாதீர்கள். வளர்ந்த பிறகு அது இல்லை என்று தெரிந்தால், நீங்கள் சொன்ன மற்றதையும் சந்தேகப்படுவான். உண்மையாக நடந்தவையே வேண்டிய அளவு இருக்கின்றன.

இன்றிரவு அபூ உமைரிலிருந்து தொடங்குங்கள். அவன் ஒரு சின்னப் பையன். ஒரு குட்டிக் குருவி வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அது செத்துப்போய், சோகமாக உட்கார்ந்திருக்கிறான். நபி (ஸல்) அவர்கள் அவனிடம் வந்து, "யா அபா உமைர், மா ஃபஅலன் நுகைர்?" என்று கேட்கிறார்கள். அபூ உமைரே, குருவி என்ன ஆச்சு? உமைர், நுகைர் என்று ஓசை ஒத்துவருவதை உங்கள் மகன் காது உடனே பிடித்துக்கொள்ளும். இரண்டு தடவை சொல்லுங்கள், மூன்றாவது தடவை அவனே சொல்வான்.